கட்டுநாயக்கவில் நின்ற விமானம்

(வெளிநாட்டில் சிக்கிய சொத்து – 6)

2022 ஜூன் 2. கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாஸ்கோவுக்குக் கிளம்பவேண்டிய ஏரோஃப்ளோட் விமானம் ஒன்றைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். அந்த ஏர்பஸ் ஏ330, ஏரோஃப்ளோட்டுக்குச் சொந்தமில்லை; அயர்லாந்து நிறுவனமான செலஸ்டியல் ஏவியேஷன் குத்தகைக்கு விட்டது. குத்தகை முறிந்த பிறகும் விமானம் திரும்பி வரவில்லை என்று அந்த நிறுவனம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போய், ஜூன் 16 வரை தடை வாங்கியிருந்தது.

குத்தகை முறிந்த கதை ஊரறிந்தது. உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ரஷ்ய நிறுவனங்களுடனான விமானக் குத்தகைகளை மார்ச் 28க்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அப்போது ரஷ்யாவில் இருந்த வெளிநாட்டுக் குத்தகை விமானங்கள் 400க்கும் மேல். மாஸ்கோ முந்திக்கொண்டது. மார்ச் 10 அன்று விமானங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை. மார்ச் 14 அன்று அவற்றை ரஷ்யாவிலேயே பதிவுசெய்துகொள்ள அனுமதிக்கும் சட்டம். இத்தனைக்கும், குத்தகைக்கு விட்டவருக்கு விமானத்தை மீட்கும் உரிமை தரும் கேப்டவுன் உடன்படிக்கையில் ரஷ்யாவும் சேர்ந்திருந்தது!

ஆகவே, ரஷ்ய எல்லையைத் தாண்டி வரும் விமானத்தைப் பிடித்தால்தான் உண்டு. கொழும்பில் அது கைக்கெட்டியது. ஆனால் இலங்கை அப்போது எரிபொருள் வாங்க டாலரின்றித் தவித்துக்கொண்டிருந்தது. ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளை அது பெரிதும் நம்பியிருந்த நேரம். மாஸ்கோ இலங்கைத் தூதரை அழைத்துக் கண்டித்தது. ஏரோஃப்ளோட் கொழும்புச் சேவையை நிறுத்தியது. ஜூன் 6 அன்று தடை உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. விமானம் மாஸ்கோவுக்குப் பறந்துவிட்டது. அடுத்த மாதமே அதிபர் கோத்தபய ராஜபக்ச, எரிபொருளுக்குக் கடன் கேட்டு புதினுடன் தொலைபேசியில் பேசினார். கொழும்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் வரிசையில் மக்கள் நிற்கும் நாடு, அயர்லாந்து நிறுவனத்தின் சொத்துக்காக எவ்வளவு தூரம் சண்டை போடும்?

குத்தகை நிறுவனங்களுக்குப் பணம் வந்தது வேறு வழியில். உலகின் மிகப்பெரிய விமானக் குத்தகை நிறுவனமான டப்ளினின் ஏர்கேப், 2023 செப்டம்பரில் ஒரு ரஷ்யக் காப்பீட்டு நிறுவனம் வழியாக, ஏரோஃப்ளோட்டிடம் இருந்த 17 விமானங்களுக்கும் 5 எஞ்சின்களுக்கும் சுமார் 64.5 கோடி டாலர் பெற்றுக்கொண்டது. அதற்கு முன்பே லண்டனில் தன் காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டிருந்தது. எல்லா ஆபத்துகளுக்குமான பிரிவில் 200 கோடி டாலருக்கு மேல் கேட்டது ஏர்கேப். நீதிமன்றமோ 2025 ஜூனில், அந்த மார்ச் 10 உத்தரவுதான் இழப்புக்குக் காரணம், ஆகவே இது போர் ஆபத்துப் பிரிவில்தான் வரும் என்றது. அந்தப் பிரிவுக்கு உச்சவரம்பு குறைவு. கிடைத்தது சுமார் 103.5 கோடி டாலர்.

இயந்திரமோ கருவியோ வெளிநாட்டு ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவைக்கும் நம் ஊர்த் தொழில்முனைவோர், காப்பீட்டுப் பத்திரத்தில் போர், அரசுப் பறிமுதல் ஆகியவற்றுக்கான உச்சவரம்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

(தொடரும்)