ஆறு குறிகளில் அடங்கிய உறுதி

திருமணத்திற்காகவோ பிள்ளைகளின் வருங்காலத்திற்காகவோ நகை வாங்கும்போது, பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் செலவிடுகிறோம். ஆயினும், நம் முன் வைக்கப்படும் சங்கிலி 22 காரட்தானா என்பதைக் கண்ணால் கண்டறிய இயலாது. தூய்மை குறைவு என்பது நகைக்கடன் பெற வங்கிக்கு வரும் நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது. அவசரத் தேவைக்கு வந்தவர் எதிர்பார்த்த தொகை கிடைக்காமல் திரும்பும் காட்சி எங்களுக்கும் வருத்தம் தருவதே.

இந்நிலையைத் தவிர்க்கும் வழி இப்போது வாடிக்கையாளரின் கைப்பேசியிலேயே உள்ளது. தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர்ப் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகைகளை ஆறு குறிகள் கொண்ட தனித்த அடையாள எண் இன்றி விற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்த இக்குறியீடு ஒவ்வொரு நகைக்கும் வெவ்வேறாக இருக்கும்.

நகையில் மூன்று அடையாளங்களைக் காண வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், தூய்மை அளவு, அடையாள எண். 22 காரட் எனில் 916 என்றும், 18 காரட் எனில் 750 என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து மிகச் சிறிதாதலால் கடையில் உருப்பெருக்கியைக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்து, அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் பதியுங்கள். நகைக்கடையின் பெயர், சோதித்த மையம், நகையின் வகை, தூய்மை ஆகியவை திரையில் தோன்றும். கையில் இருப்பது வளையல். திரையில் வருவது மோதிரம் என்றால், பணம் செலுத்தாதீர்கள். வேறொரு நகையின் எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கக் கூடும். நேர்மையான வணிகர் இச்சோதனையை வரவேற்பார். அவருடைய நற்பெயருக்கும் அதுவே சான்று.

எடையையும் தூய்மையையும் ஹால்மார்க் கட்டணத்தையும் தனித்தனியே குறிப்பிட்ட ரசீதைப் பெற்றுப் பாதுகாப்பது இன்றியமையாதது. ஓர் எடுத்துக்காட்டு: 22 காரட் முத்திரையிட்ட 10 கிராம் நகை, சோதனையில் 18 காரட் எனத் தெரிந்தால், 1.66 கிராம் தூய தங்கம் குறைந்திருக்கிறது. முத்திரையிட்ட நகையில் தூய்மை குறைந்தால், அக்குறைவின் மதிப்பைப் போல் இருமடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் இழப்பீடாகப் பெற விதிகள் இடமளிக்கின்றன. அதற்கு ரசீதே ஆதாரம். புகாரை அதே செயலியிலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ தெரிவிக்கலாம்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும், குந்தன், போல்கி போன்றவற்றுக்கும், ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சத்திற்கு உட்பட்ட கடைகளுக்கும் இக்கட்டாயம் இல்லை. அத்தகைய நகைகளை வாங்குகையில் கூடுதல் கவனம் தேவை.

நகையைத் தேர்ந்தெடுக்கப் பல மணி நேரம் செலவிடும் நாம், அதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்குவோம். கடையில் உறுதி செய்யப்பட்ட தூய்மை, நாளை கடன் தேவைப்படும்போது நம்மைக் கைவிடாது.