நாவல் போட நகையை அடகு வைக்கணுமா?



"நாவல் எழுதி முடித்துவிட்டேன். பதிப்பகத்துக்கு அனுப்பவா, நானே புத்தகமாகப் போடவா?" என்று இந்தப் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் எழுதிய பலரும், "துணிந்து நீங்களே போடுங்கள்" என்று தட்டிக் கொடுத்திருந்தார்கள். தட்டிக் கொடுப்பது சுலபம்ங்க. காசு யார் கையிலிருந்து போகிறது, எழுத்து யார் கைக்குப் போகிறது என்பதை ஒருத்தரும் சொல்லலையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொந்தமாகப் போடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பள்ளிக்கூடமே போகாத வை.மு. கோதைநாயகி அம்மாள், தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுத வைத்தவர். 1925ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தானே வாங்கி, 'வைதேகி' நாவலை அதில் தொடராகப் போட்டார். மொத்தம் 115 நாவல்கள்! ஆனால் ஒன்று கவனியுங்கள். மாதம் தவறாமல் படிக்கிற வாசகர் கூட்டம் அவர் கையில் இருந்தது. நம்மிடம் இருப்பது, பக்கத்து வீட்டு மாமியும் கல்யாண வீட்டில் பார்க்கிற சொந்தக்காரர்களும்தானே?

பதிப்பகம் என்றால் என்ன கணக்கு? அச்சுக்கூலி, அட்டைப்படம், பிழை திருத்தம் எல்லாம் அவர்கள் செலவு. நமக்கு ராயல்டி, பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 500 விற்றால் 10,000 ரூபாய். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் கடைக்குப் போட்டால் 30, 40 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள். நாமே போட்டாலும் 200ல் 80 அங்கே போய்விடும். மீதி 120ல்தான் அச்சுக்கூலி, பார்சல், ஆட்டோ எல்லாம். 1977லிருந்து நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சியில், ஒரே ஒரு நாவலை வைத்துக்கொண்டு கடை போட முடியுமா? நூலகங்களுக்குப் புத்தகம் கொடுக்கிற வழிமுறையும் பதிப்பகத்தாருக்குத் தலைகீழ்ப் பாடம். அதற்காகத்தான் அந்த 10 சதவீதத்துக்குச் சம்மதிக்கிறோம். காத்திருக்கத்தான் வேண்டும். மாதக்கணக்கில் பதிலே வராது. ஒரு பிரதியைக் கட்டாயம் வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லணும். பெயர் பதிப்பகம். ஆனால் பணம் நாம் கட்டணும். என் நாத்தனார் அப்படி ஓரிடத்தில் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினாள். 300 பிரதி அச்சாகி, வீட்டுக்கே வந்து இறங்கியது. விற்பது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள். கொலுவுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொன்று கொடுத்தும், கட்டிலுக்கடியில் மூட்டை குறையவில்லை. அதுகூடப் பரவாயில்லை. வேறிடத்தில் மறுபதிப்பு போடலாமா என்று கேட்டபோதுதான் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். அச்சு உரிமை, சினிமா உரிமை எல்லாம் அவர்களுக்காம்! "அண்ணி, காசும் நான் கொடுத்து, என் கதையைப் போட அவங்ககிட்டயே அனுமதி கேட்கணுமா?" என்று அவள் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

தெரிந்த வக்கீல் ஒருவர் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சொன்னது எல்லோருக்கும் உதவும். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவுப்படி, உரிமையை எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று பத்திரத்தில் எழுதாவிட்டால், ஐந்து வருடம் என்றுதான் கணக்கு. கொடுத்த உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது தானாகக் காலாவதி ஆகிவிடும். நாத்தனார் பத்திரத்தில் வருடமே போடவில்லை. சினிமா உரிமை ஒரு வருடத்தோடு போச்சு. அச்சு உரிமைக்குத்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். 'நிரந்தரமாக' என்று ஒரு வார்த்தை அதில் இருந்திருந்தால் எண்ணவும் வழியில்லை.

செல்போனில் வாசகர் இருக்கிற சகோதரிகளுக்கு நான் வேறு மாதிரிதான் சொல்வேன். பிரதிலிபியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, 'அடுத்தது எப்போ?' என்று கேட்க ஆள் சேர்த்துவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் பதிப்பகத்தின் வாசலில் நிற்கத் தேவையே இல்லை. அமேசான் கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகம் நாமே ஏற்றலாம். ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது, ராயல்டி 35 சதவீதம். 70 சதவீதம் வேண்டுமென்றால் அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அதில் ஒன்று, அந்த மின்நூல் 90 நாள் வேறெங்கும் இருக்கக்கூடாது என்பது. பிரதிலிபியில் கிடக்கும் கதையை அப்படியே இதிலும் சேர்த்துவிட்டு முழிக்காதீர்கள். இன்னொன்று, பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது அங்கே கோணல்மாணலாக வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ல, ள, ழ மூன்றையும் இன்னொருவர் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். நம் பிழை நம் கண்ணுக்குப் படாது, சாம்பாரில் உப்பு மாதிரி.

அச்சுப் புத்தகம்தான் ஆசை என்றால், 30, 50 பிரதி மட்டும் அச்சடித்துத் தருகிற இடங்கள் இப்போது இருக்கின்றன. அங்கே கொடுப்பது அச்சுக்கூலி மட்டும். உரிமைப் பத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. நீட்டினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, "ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தர இவ்வளவு ரூபாய்" என்று யாராவது பில் நீட்டினால், "அது மத்திய அரசின் ராஜாராம் மோகன்ராய் ஏஜென்சியில் இலவசம், எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பில்லில் அந்த வரியை அவர்களே அடித்துவிடுவார்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.