விண்மீன்களில் பிறந்த இரும்பு

சோகை கண்ட பெண்ணுக்கு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார். வளர்ந்த மனித உடலில் இருப்பதே ஏறத்தாழ 3, 4 கிராம் இரும்புதான். அது எங்கே உருவானது என்று எண்ணிப் பார்த்ததுண்டா, வாசகர்களே?

பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமே. குற்றால அருவி நீரிலுள்ள ஹைட்ரஜன் அன்று தோன்றியது. அதனோடு இணைந்திருக்கும் ஆக்ஸிஜனோ, பின்னாளில் விண்மீன்களின் உள்ளே கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் உருவானது. ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. ஹீலியம் இணைந்து கார்பனாகவும் ஆக்ஸிஜனாகவும் மாறுகிறது.

எரிபொருள் தீர்ந்ததும் சூரியனை ஒத்த விண்மீன் சுருங்கி, ‘வெண்குறுமீன்’ என்னும் அடர்ந்த உருண்டையாகிறது. அது எவ்வளவு பாரத்தைத் தாங்கும்? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்ரமணியன் சந்திரசேகர், 1930இல் தமது 19ஆம் வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே இதைக் கணக்கிட்டார். சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கே எல்லை! அருகிலுள்ள விண்மீனின் வாயுவை ஈர்த்து அந்த எல்லையை நெருங்கும் வெண்குறுமீன் வெடிக்கிறது. நம் இரும்பில் ஒரு பெரும்பங்கு அத்தகைய வெடிப்புகளில் பிறந்து, வானில் சிதறி, பூமியில் சேர்ந்ததே.

1935இல் இலண்டனில் அறிஞர் எடிங்டன் அக்கணக்கை ஏளனம் செய்தார். சந்திரசேகர் பகை பாராட்டவில்லை, ஆய்வையும் கைவிடவில்லை. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபவுலர், விண்மீன்களில் தனிமங்கள் உருவாகும் விதத்தை 1957இல் மூவருடன் சேர்ந்து விளக்கியவர்.

உங்கள் பிள்ளை புதிதாக ஒன்றைச் சொன்னால், வயதைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்.