துபாஷியின் வீட்டுச் சங்கீதம்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் காலை வேளையில் ஏறியவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதிதன்று. ஒரு பலகையில் நால்வர் இருப்பார்கள். எதிர்ப் பலகையில் நால்வர். எட்டுப் பேரும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் பெட்டியில் பாட்டின் ஒலியே இராது! அவரவர் கைப்பேசியிலிருந்து அவரவர் காதுக்குள் அவரவர் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் தலை ஒரு தாளத்தில் அசையும். பக்கத்திலிருப்பவர் பாதம் வேறொரு தாளத்தில் தட்டும். ஜன்னலோரத்து இளைஞனின் கண்ணில் நீர் தளும்பும். என்ன பாட்டு, எதற்காகக் கண்ணீர் என்று கேட்பது மரியாதையாகுமா?

பாட்டுக்கு இப்போது பஞ்சமில்லை. அதைப் பகிர்ந்து கேட்பதற்குத்தான் பஞ்சம் வந்திருக்கிறது.

இந்த ரயில் திருவொற்றியூரில் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பெரியவர் இருவரின் நினைவு வரும். ஒருவர் தியாகையர். தம் சீடர் வீணை குப்பையரின் அழைப்புக்கு இணங்கி இவ்வூருக்கு வந்து, திரிபுரசுந்தரி அம்மன்மீது ஐந்து கிருதிகள் செய்தவர். மற்றவர் முத்துஸ்வாமி தீக்ஷிதர். அவர் இளமையைக் கழித்த மணலி இங்கிருந்து மேற்கே கூப்பிடு தூரந்தான். மணலி என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது 1969 முதல் நடந்துவரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை; அதன் புகைபோக்கிகள்; வரிசை பிடித்து நிற்கும் டாங்கர் லாரிகள். நம் சங்கீதத்தின் சரித்திரத்தில் மிகவும் சுவையான ஓர் அத்தியாயம் அங்கே நடந்தது என்பதைப் பலரும் அறியார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற பிரபு இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குத் துபாஷி. ‘த்விபாஷி’ என்பதே துபாஷி என்று மருவியது. இரு பாஷை அறிந்தவர் என்று பொருள். திருவாரூரில் ராமஸ்வாமி தீக்ஷிதரின் சங்கீதத்தில் ஈடுபட்டு, அவரைக் குடும்பத்துடன் மணலிக்கு வரவழைத்து ஆதரித்தார். ராமஸ்வாமி தீக்ஷிதர் சாமானியரல்லர்; ஹம்ஸத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர் அவரே என்பது சங்கீத உலகின் கொள்கை. 1775-ல் பிறந்த முத்துஸ்வாமி அவருடைய மூத்த குமாரர். சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்பவர்கள் இளையவர்கள்.

முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியார் என்னும் சின்னையா முதலியார் இக்குடும்பத்தைப் போஷித்தார். அவரும் துபாஷியே. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாண்டு வாத்தியம் முழங்கும்போது தீக்ஷிதர் சகோதரர்களையும் கேட்கச் செய்தார். எண்ணிப் பாருங்கள்! வேதமும் வீணையும் பயின்ற வைதிகக் குடும்பத்துப் பிள்ளைகள். காதில் விழுவதோ குழலும் கொம்பும் பறையுமாக அயர்லாந்துக் கூத்துப் பாட்டுகளும் சிப்பாய்கள் நடைபோடும் மெட்டுகளும். “இது என்ன கூச்சல்!” என்று காதைப் பொத்திக்கொண்டு திரும்பியிருந்தால் யாரும் அவர்களைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பாலுஸ்வாமிக்கு வெள்ளைக்காரர் வாசித்த பிடில்மீது ஆசை உண்டாயிற்று. முதலியார் அதற்கும் ஏற்பாடு செய்தார். ஐரோப்பியர் ஒருவரிடம் பாடங் கேட்டு, அந்த வாத்தியத்தை நம் கமகங்களுக்கு வளைத்துக்கொண்டார் பாலுஸ்வாமி. அவரும், முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சீடரான தஞ்சை வடிவேலுவும், வேறு சிலரும் பிடித்த பிடிலே இன்று பக்க வாத்தியமாக நம் கச்சேரி மேடையில் அமர்ந்திருக்கிறது. வயலின் இல்லாத கச்சேரியை இப்போது நம்மால் கற்பனை செய்யவும் முடிவதில்லை.

முத்துஸ்வாமி தீக்ஷிதர் செய்தது இன்னும் விசித்திரமானது. பாண்டு வாத்தியத்தின் மெட்டுகளுக்கு அவர் ஸம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டு ஸ்வரம்’ என்று பெயர் பெற்ற அவ்வுருப்படிகள் ஏறத்தாழ 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. கமகம் இல்லாமல் நேர் ஸ்வரங்களாகத் துள்ளி ஓடுபவை. ஆகையால்தான் குழந்தைகள் அவற்றை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். அவற்றுள் ஒன்றான ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதன் மெட்டு எது தெரியுமா? இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் ராஜ கீதமேதான்! மன்னர் வீற்றிருந்த மெட்டில் சங்கீத சியாமளையை எழுந்தருளச் செய்துவிட்டார் தீக்ஷிதர். கம்பெனியார் நம் நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் அவர்களுடைய மெட்டைப் பிடித்துக்கொண்டார். 1947-க்குப் பிறகு ராஜ கீதம் நம் நாட்டில் ஓய்ந்தது. தேவியின் பாட்டோ நம் வீட்டுக் கூடங்களில் இன்றும் ஒலிக்கிறது.

இவ்வாறு பிறர் சங்கீதத்துக்குக் காது கொடுத்தால் நம்முடையது கெட்டுப்போகாதா என்று சிலர் கவலைப்படக்கூடும். தீக்ஷிதரின் வாழ்க்கையே அதற்கு விடை. சிதம்பரநாத யோகி என்னும் பெரியாருடன் அவர் காசிக்குப் போய்ப் பல ஆண்டுகள் இருந்தார். வடநாட்டுச் சங்கீதம் கேட்டார். திரும்பி வந்தபின், இதே திருவள்ளூர் ஜில்லாவில் இன்று அடங்கியிருக்கும் திருத்தணிகைக்குச் சென்றார். அங்கே முருகப்பெருமான் முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு இட்டதாகவும், அக்கணமே ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற முதல் கிருதி பிறந்ததாகவும் மரபு. அது எந்த ராகம்? மாயாமாளவகௌளை! சங்கீதம் கற்கத் தொடங்கும் குழந்தை முதல் நாள் ஸரளி வரிசை பாடும் அதே ராகம். பாண்டு வாத்தியத்தையும் கங்கைக் கரைப் பாட்டையும் கேட்ட காதுகள், நம் சங்கீதத்தின் முதற்படியிலேயே வந்து நின்றன. பிற்காலத்தில் த்விஜாவந்தியிலும் ஹமீர் கல்யாணியிலும் அவர் செய்த கிருதிகளில் வடநாட்டு மணம் கமழ்கிறது. ஆனால் யானை நடையென நிதானமாகச் செல்லும் அவற்றைக் கேட்டு, “இது தீக்ஷிதர்” என்று சொல்லத் தயங்குவோர் உண்டா? பிறர் பாட்டை அதிகம் கேட்டவரே தம் பாட்டில் அதிகம் தாமாகவே இருந்தார்.

இவ்வளவும் அறிந்திருந்த நான், என் வகுப்பறையில் அதை மறந்துபோனேன். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நியாயமாகாது.

நான் ஆசிரியன். தொழிற்பேட்டையை அடுத்த இப்பகுதியில் பள்ளிக்கூட வகுப்பு ஒவ்வொன்றும் ஒரு சிறு பாரத தேசம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. ஆலை வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பேரப் பிள்ளைகளும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி மணியில், “ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் பாடுங்கள், எப்போது அதைக் கேட்கத் தோன்றும் என்றும் சொல்லுங்கள்” என்றேன். ஒரு பெண் மாதாகோயில் பாட்டுப் பாடினாள். மழை பெய்தால் அது நினைவு வருமாம். ஒடிசாப் பையன் தன் தாயார் ரொட்டிக்கு மாவு பிசையும்போது முணுமுணுப்பதைப் பாடினான். யாழ்ப்பாணத்துப் பாட்டியின் தாலாட்டு ஒன்று வந்தது. சினிமாப் பாட்டுகளும் வந்தன. பிறகு ஒரு பையன் எழுந்து, மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு கானாப் பாட்டுத் தொடங்கினான். இரண்டு அடி முடிவதற்குள், “போதும், உட்கார்! வகுப்பில் பாடுகிற பாட்டா இது?” என்று நான் சொல்லிவிட்டேன். வகுப்புச் சிரித்தது. பையன் உட்கார்ந்தான். அதன் பிறகு பல வாரங்கள் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பாடத்தில் கேள்வி கேட்டால்கூட எழுந்து நின்று தரையைப் பார்ப்பான்.

இன்னொரு வெள்ளிக்கிழமை, மணலிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தீக்ஷிதர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. கதையை நிறுத்தி, அந்தப் பையனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பாட்டைப் பாடும்படி வேண்டினேன். அவன் வெகு நேரம் யோசித்தான். பிறகு, “எங்க தாத்தா செத்த அன்னிக்கு ராத்திரி இதைத்தான் சார் பாடினாங்க” என்றான்.

வட சென்னைப் பக்கத்தில் துக்க வீட்டில் இரவு முழுவதும் விழித்திருந்து கானா பாடுவது பழைய வழக்கம். அதை நான் அறியாதவனல்லன். ஆயினும் பாட்டைக் கேட்குமுன் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்று அவன் பாடி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒடிசாப் பையனுக்குச் சொற்கள் எட்டியிரா. ஆனால் அவன்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒருவர் தமக்குப் பிடித்த பாட்டை நம்மிடம் சொல்வது அற்ப விஷயமன்று. தம் வீட்டின் உள்ளறைக் கதவைத் திறந்து காட்டுவது போன்றது அது. வாசற்படியில் நின்று மூக்கைச் சுளித்தால், அந்தக் கதவு மறுபடி திறப்பது கடினம்.

வாரத்தில் ஒரு நாள் மாலை, காதுக்குழாய்களைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டார் அனைவரும் கூடத்தில் உட்காருங்கள். பாட்டி ஒரு பாட்டு, பேரன் ஒரு பாட்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ஒரு பாட்டு. பாடத் தெரியாதவர் கைப்பேசியில் ஒலிக்கச் செய்யலாம். நிபந்தனை ஒன்றே: பாட்டு முடியும் வரையில் யாரும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. முடிந்த பிறகு, “இது உனக்கு ஏன் பிடித்தது?” என்று மட்டும் கேட்க வேண்டும்.

பெரிய பிரபுவாக இருந்துதான் மணலி முதலியாரைப் போல் துபாஷியாக வேண்டும் என்பதில்லை. நம் பாட்டோடு, பக்கத்திலிருப்பவரின் பாட்டு ஒன்றும் தெரிந்தால் போதும்.