வழிதவறிப் போன பணத்தை மீட்கும் வழி

இடம்பெயர்ந்து வாழும் உழவர் குடும்பங்களுக்கு வரும் உதவிகளிற் பெரும்பகுதி இன்று கையிற் காசாக வருவதில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவும், பசளை மானியமும், தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ இருக்கும் உறவினர் ஊருக்கு அனுப்பும் காசும் வங்கிக் கணக்கு வழியாகவே வந்து சேருகின்றன. இடையில் எவர் கையும் படாமல் வருவதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கு இலக்கத்தில் ஓர் எண் மாறினால், காலபோகத்துக்கு விதைநெல் வாங்க எதிர்பார்த்திருந்த காசு முன்பின் அறியாத ஒருவரின் கணக்கிற் போய் விழுந்துவிடும். காசு திரும்பி வரும்வரை மழை காத்திருக்காது. ஆகவே தவறிப்போன பணத்தை மீட்பது எப்படி என்பதை நாம் இங்கு விளக்கமாகப் பார்ப்போம்.

பணம் யாருக்குச் சொந்தம்?

நமது மாடு அயலவரின் காணிக்குள் போய்விட்டால் அது அவருடைய மாடாகிவிடுவதில்லை. அதேவேளை, இரவோடு இரவாக அவருடைய வேலியைப் பிரித்து அதை அவிழ்த்து வரவும் நமக்கு உரிமையில்லை. வங்கிக் கணக்கும் அப்படியே. நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தின்படி, தவறுதலாகச் செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை செலுத்தியவருக்கு உண்டு. தனதல்ல என்று அறிந்தும் அதை நேர்மையீனமாகத் தனதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகலாம்.

எனினும், அனுப்பியவர் செய்த பிழைக்காக, கணக்குடையவரின் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இன்றி வங்கி அப்பணத்தை எடுத்துத் தருவதில்லை. அவருடைய பெயரையும் விலாசத்தையுங்கூட நமக்குச் சொல்லாது. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்கும்படி 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டம் பணிக்கிறது. இதை ஓர் அலைக்கழிப்பாக எண்ண வேண்டாம். நமது கணக்கையும் அதே வேலிதான் காக்கிறது.

தாமதம் ஏன் ஆபத்து?

2015இல் அறிமுகமான செஃப்ட்ஸ் முறையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு சில நொடிகளிற் போய்விடுகிறது. பெயர் பிழைத்தால் பணம் தானாகவே நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. பெரும்பாலும் இலக்கமே வழிகாட்டி. பெறுநரின் பெயரை முன்கூட்டியே ஒப்பிட்டுக் காட்டும் ஏற்பாடு பிரித்தானியாவில் 2020இலும் இந்தியாவில் 2025இலும் நடைமுறைக்கு வந்தது.

தாமதத்தின் விலையை ஒரு பெரிய சம்பவம் காட்டுகிறது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைக் களவாடியவர்கள் 2 கோடி டொலரை இலங்கைக் கணக்கொன்றுக்கும், 8 கோடியே 10 இலட்சம் டொலரைப் பிலிப்பைன்ஸ் கணக்குகளுக்கும் அனுப்பினர். இலங்கைக்கு வந்த பணத்தில், பெறுநரின் ஆங்கிலப் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைக் கண்டு இடையிலிருந்த வங்கி ஐயம் எழுப்பியது. யாரும் எடுக்குமுன்னர் அப்பணம் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. பிலிப்பைன்ஸ் போன பணமோ சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. அதன் பெரும்பகுதி ஆண்டுகள் பல கடந்தும் வழக்குகளில் இழுபட்டது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றே: கணக்கில் இன்னும் கிடக்கும் பணத்தை மீட்பது எளிது, எடுத்துச் செலவழித்த பணத்தை மீட்பது கடினம்.

செய்ய வேண்டியவை

1. பிழையைக் கண்ட அன்றே, பணம் அனுப்பிய வங்கிக்கு அறிவிக்க வேண்டும். முறைப்பாட்டைத் தொடங்க வேண்டியவர் அனுப்பியவரே. தெஹிவளையிலுள்ள மருமகன் அனுப்பியிருந்தால் அவரே தமது வங்கிக்குப் போக வேண்டும். அஸ்வெசும என்றால் பிரதேச செயலகத்திலும், பசளை மானியம் என்றால் கமநல சேவை நிலையத்திலும் முறையிடுங்கள்.

2. வாய்ச்சொல்லோடு நிற்க வேண்டாம். அனுப்பிய திகதி, நேரம், தொகை, சரியான கணக்கு இலக்கம், தவறாக எழுதிய இலக்கம், பற்றுச்சீட்டிலுள்ள தொடர்பிலக்கம் ஆகியவற்றைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். பிரதியொன்றில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பெற்ற வங்கிக்கு உடனே அறிவித்து, கணக்குடையவரின் சம்மதத்தைக் கேட்கும்படி அக்கடிதத்திலேயே கோருங்கள்.

4. வங்கி பதில் தராவிட்டால் அல்லது பதில் திருப்தி தராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1935. நிதி ஒம்புட்ஸ்மனிடமும் கட்டணமின்றி முறையிடலாம். இரு இடத்திலும் முதலில் வங்கியிடம் கேட்டீர்களா என்று விசாரிப்பார்கள். முத்திரையிட்ட பிரதி அப்போது கைகொடுக்கும்.

5. பெற்றவர் மறுத்தால் வழக்கே வழி. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

பிழை வங்கியுடையதாக இருந்தால் நிலைமை வேறு. 2023 செப்டெம்பரில் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி இந்திய ரூபாவைத் தவறுதலாக வரவு வைத்தது. உண்மைதானா என்று பார்க்க அவர் 21,000 ரூபாவை நண்பருக்கு அனுப்பினார். மீதியை வங்கி விரைவிலேயே எடுத்துக்கொண்டது. தன் பிழையைத் திருத்த வங்கிக்கு இத்தனை வேகம் உண்டு. ஆகவே, வங்கி உத்தியோகத்தர் இலக்கத்தைப் பிழையாகப் பதிந்திருந்தால், திருத்தும் பொறுப்பு வங்கியுடையது என்று உறுதியாகக் கேளுங்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டின் அடிக்கட்டையே அதற்குச் சான்று.

நமது கணக்குக்கு வந்தால்?

பகைவனுடைய மாடு வழிதவறித் திரிந்தாலும் அதை அவனிடம் கொண்டுபோய் விடும்படி மோசேயின் சட்டம் கேட்டது. ஊர் இழந்து, நிலம் இழந்து வந்த நமக்கு, இழந்தவரின் மனம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறியாத பணம் வந்தால் தொடாமல் வங்கிக்கு அறிவியுங்கள். ஆனால் “தவறி அனுப்பிவிட்டேன், இந்த இலக்கத்துக்குத் திருப்பிப் போடுங்கள்” என்று தொலைபேசியில் கேட்பவருக்கு நேரடியாக அனுப்ப வேண்டாம். இவ்வாறு ஏமாற்றுவோர் உண்டு. வங்கி மூலமே திருப்புங்கள். பின் இலக்கத்தையும் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் எவருக்கும் சொல்ல வேண்டாம்.

வருமுன் காக்க

கணக்கு இலக்கத்தை வாயாற் சொல்லாமல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பெருந்தொகை அனுப்புமுன் 100 ரூபா அனுப்பி, சேர்ந்ததா என்று கேளுங்கள். இடம்பெயர்ந்த பின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் மாறியிருந்தால் வங்கிக்குத் தெரிவியுங்கள். பழைய ஊரிற் திறந்த கணக்கு இன்னும் இயங்குகிறதா என்றும் பாருங்கள். பற்றுச்சீட்டை, காசு கைக்கு வந்து சேரும்வரை, விதைநெல்லைக் காப்பதுபோலக் காத்து வையுங்கள்.