நொய்யரிசி போகும் நாட்டில் கம்பு விவசாயி

ஆந்திர மாநிலம் காக்கிநாடா துறைமுகத்தில் கப்பலேறும் அரிசி மூட்டைகளில் பல, மேற்கு ஆப்பிரிக்காவில் போய் இறங்குகின்றன. நம் ஊரில் நொய் என்றும் குருணை என்றும் ஒதுக்குகிறோமே, அந்த உடைந்த அரிசிக்குத்தான் செனகல் நாட்டில் மவுசு அதிகம்.

அந்நாட்டுக் கிராமங்களின் பரம்பரை உணவு கம்பும் சோளமும். நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் எண்ணெய்க்காக அங்கே நிலக்கடலையைப் பயிரிடச் செய்தனர். கடலை பிரான்சுக்குப் போயிற்று. அவர்கள் வசமிருந்த இந்தோ-சீனாவிலிருந்து மலிவான நொய் வந்து இறங்கிற்று. 1960-ல் நாடு சுதந்திரம் பெற்ற பின்னும் நொய்ச் சோறு நிலைத்துவிட்டது. மீனும் காய்கறியும் சேர்த்துச் சமைக்கும் 'செபு ஜென்' என்னும் சோறே இன்று அவர்களுடைய தேசிய உணவு.

உலக்கையும் உலையும்

கம்பு சமைப்பது லேசான வேலையல்ல. இடித்து, புடைத்து, மாவாக்கி, உருட்டி ஆவியில் வேகவைக்க வேண்டும். தலைநகர் டாக்கரில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? நொய்யோ உலையில் போட்டதும் வெந்துவிடும். நகரம் பெருகப் பெருக, பட்டணத்துச் சட்டியில் கம்பின் பங்கு குறைந்தது. கோதுமை விளையாத நாட்டில் காலை உணவு பிரெஞ்சு ரொட்டியாயிற்று.

கம்பில் இரும்புச் சத்தும் நார்ச் சத்தும் தீட்டிய அரிசியைவிட அதிகம். தாய்மாரிடையேயும் குழந்தைகளிடையேயும் ரத்தசோகை பரவலாக உள்ள நாட்டுக்கு இது சிறிய நஷ்டமல்ல.

மழையை நம்பிக் கம்பும் கடலையும் விதைக்கும் சிறு விவசாயியின் பாடு இன்னும் சிரமம். வீட்டுக் கம்பு அடுத்த அறுவடை வரை தாங்காது. கடலை விற்ற காசில் அரிசி வாங்க வேண்டும். கடலை விலை இறங்கினாலும், அரிசி விலை ஏறினாலும் அடி அவர் வயிற்றில்தான்.

கதவு சாத்தியபோது

2008-ல் உலகெங்கும் அரிசி விலை ஏறியபோது, பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. விலைவாசியை எதிர்த்து டாக்கர் மக்கள் தெருவில் இறங்கினர். செனகல் ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைச்சலைப் பெருக்க அந்நாட்டு அரசு முனைந்தது. ஆனாலும் பக்குவமாகத் தரம் பிரித்து வந்த வெளிநாட்டு அரிசியுடன் போட்டியிட உள்ளூர் நெல்லுக்கு எளிதாக இல்லை.

2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதிக்கு இந்தியா மீண்டும் தடை விதித்தது. 2025 மார்ச்சில்தான் அது நீங்கியது. உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த இந்தியாவுக்குக் காரணம் இருந்தது. ஆனால் டெல்லியில் போடும் ஒரு கையெழுத்து, கடல் கடந்த நாட்டின் அடுப்பைத் தொடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

கம்பங்கூழ் குடித்து வளர்ந்து, பிழைக்க வந்த ஊரில் அரிசிக்கு மாறிய நம்மவர்க்கு இந்தக் கதை புதிதல்ல. இப்போது டாக்கர் கடைகளில், உருட்டிப் பக்குவம் செய்த கம்பு பொட்டலங்களாகக் கிடைக்கிறது. பெண்கள் நடத்தும் சிறு தொழிற்கூடங்களும் இதில் இறங்கியுள்ளன. உலக்கை பிடிக்கும் வேலை மிச்சமானால் பட்டணத்துப் பெண் கம்பை வாங்குவாள்; அவள் வாங்கினால் கிராமத்து விவசாயி அதை விதைப்பார்.