கைத்துப்பாக்கிக்கு ஏற்ற உறை

ஏற்காட்டில் காப்பி, மிளகு கொள்முதல் செய்துவிட்டு ரொக்கத்துடன் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும் வணிகர், லைசென்ஸ் பெற்ற கைத்துப்பாக்கி வைத்திருந்தால் அதன் உறையையும் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் அதற்கென்றே செய்த உறையிலோ பையிலோ முழுவதும் மறைத்துத்தான் எடுத்துச் செல்லலாம். வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வது சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது.

குழலுக்கு அடியில் டார்ச் லைட் பொருத்தினால்தான் சங்கடமே. துப்பாக்கியைவிட டார்ச் அகலமானால் உறையின் வாயும் அகலமாகிவிடும். அந்த இடைவெளி வழியே விரலோ, சட்டை நுனியோ, சாவிக்கொத்தோ விசையைத் தொட்டுவிடலாம். பழைய உறையை வெட்டிப் பெரிதாக்குவது கூடவே கூடாது. அந்தத் துப்பாக்கிக்கும் அந்த டார்ச்சுக்கும் சேர்த்தே செய்த உறை, டார்ச்சைக் கவ்விப் பிடிக்கும். விசைப் பகுதியையும் மூடியிருக்கும். குண்டுகளை நீக்கிவிட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள். நழுவினால் அந்த உறை வேண்டாம். டார்ச் மாடலை மாற்றினால் மறுபடியும் சோதியுங்கள்.

தோல் உறைதான் கம்பீரம் என்பார்கள். சேர்வராயன் மலைப் பனிமூட்டத்தில் தோல் ஈரத்தை உறிஞ்சும்; இரவெல்லாம் உள்ளேயே கிடந்தால் துப்பாக்கி துருப்பிடிக்கும். வீடு சேர்ந்ததும் குண்டுகளை நீக்கி, துடைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கல்லாப்பெட்டி வேண்டாம், கடைப்பையன்கள் கை போகும் இடம் அது.